பவர் ஆஃப் செய்த டிரைவில் மல்டிமீட்டர் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: சாயப்பட்டறை ஒன்றில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். துணியைச் சுழற்றிச் சாயமேற்றும் விஞ்ச் மெஷினில் உள்ள 15 கிலோவாட் டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி), ரன் கொடுத்த உடனே ‘ஓவர் கரன்ட்’ காட்டி டிரிப் ஆகிறது. டிஸ்பிளே நன்றாக வருகிறது. ஐசொலேட்டரை ஆஃப் செய்து மூன்று நிமிடம் விட்டேன். சார்ஜ் லைட் அணைந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரால் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஷார்ட் செய்தேன். ‘பட்’டென்று தீப்பொறி பறந்தது. பிறகு டயோட் மோடில் மோட்டாருக்குப் போகும் யூ, வி, டபிள்யூ டெர்மினல் மூன்றுக்கும் பிளஸ்ஸுக்கும் வைத்துப் பார்த்தால் மூன்றுமே 0.00. மோட்டார் கேபிளைக் கழற்றியதும் வி மட்டும் 0.002, மற்ற இரண்டும் 0.37. மைனஸ் பக்கம் மூன்றும் 0.37, 0.38. இன்புட் பக்கம் எல்லாமே 0.45 சுற்றி. நான் டிஸ்சார்ஜ் செய்தது தவறா? ஐஜிபிடி (மோட்டாருக்குப் போகும் கரன்ட்டை ஆன்–ஆஃப் செய்யும் ஸ்விட்ச்) மாட்யூலை மாற்றினால் போதுமா? பவர் கொடுக்காமலே இதை முறையாகச் சோதிப்பது எப்படி?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

டிஸ்சார்ஜ் செய்த விதம் தவறுதான். உங்கள் ரீடிங்படி வி பேஸின் மேல்பக்க (பிளஸ்ஸோடு இணைந்த) ஐஜிபிடி ஷார்ட். மாட்யூலை மட்டும் மாற்றிப் பவர் கொடுத்தால், புது மாட்யூலும் அதே நொடியில் போக நிறைய வாய்ப்பு உண்டு. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தீப்பொறியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது உங்கள் கையருகே நடந்தது.

415 வோல்ட் மூன்று பேஸ் சப்ளையை ரெக்டிஃபையர் டிசி ஆக்கும்போது பஸ்ஸில் (டிரைவுக்குள் உள்ள பிளஸ்–மைனஸ் லைனில்) சுமார் 587 வோல்ட் நிற்கும். சப்ளை 440 என்றால் 622. உங்கள் டிரைவ் அளவுக்கு, 2200 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு சீரிஸில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1100 மைக்ரோ ஃபாரட். முழு சார்ஜில் அதற்குள் இருப்பது சுமார் 190 ஜூல். ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே 47 கிலோ ஓம் பேலன்சிங் ரெசிஸ்டர் இருந்தால், ஐசொலேட்டரைத் திறந்தபின் பஸ் 50 வோல்ட்டுக்கு இறங்க நாலே கால் நிமிடம் ஆகும்; 5 வோல்ட்டுக்கு இறங்க எட்டு நிமிடத்துக்கு மேல். மூன்றாவது நிமிடத்தில் நீங்கள் ஸ்க்ரூடிரைவரை வைத்தபோது இந்தக் கணக்குப்படி சுமார் 100 வோல்ட் மிச்சம் இருந்திருக்கும். அந்தப் பொறிக்கு அது தாராளம். டிரைவுக்கு டிரைவ் கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் மாறும். அதனால்தான் கம்பெனிகள் ஒரு மாடலுக்கு 5 நிமிடம், இன்னொன்றுக்கு 10, பெரியதற்கு 15 என்று மூடியிலேயே எச்சரிக்கை ஒட்டுகிறார்கள். அந்த நேரம் குறைந்தபட்சக் காத்திருப்பு மட்டும்தான். அது முடிந்துவிட்டதாலேயே பஸ் காலி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சார்ஜ் லைட் அணைந்ததே என்பீர்கள். அது ஒரு சின்ன எல்இடி. 100 வோல்ட்டில் அதற்கு முழு வெளிச்சத்தின் ஆறில் ஒரு பங்கு கரன்ட்தான் போகும். பட்டறை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எல்இடியே செத்துப்போன டிரைவும் உண்டு. லைட் எரிந்தால் ‘தொடாதே’ என்று அர்த்தம். எரியாவிட்டால் அதற்கு அர்த்தமே கிடையாது.

ஸ்க்ரூடிரைவர் ஷார்ட்டில் என்ன கெடும்? உருகிய உலோகத் துளி கண்ணிலும் கையிலும் தெறிக்கும். டெர்மினல் முகம் கருகி, பிறகு அந்த இடத்தில் லூஸ் கான்டாக்ட் வரும். பல நூறு ஆம்பியர் ஒரே நொடியில் பாய்வதால் கெப்பாசிட்டரின் உள் இணைப்பும் போர்டு டிராக்கும் அடிபடும். முழு சார்ஜில் வைத்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையே போயிருக்கும்.

சரியான முறை: 2 முதல் 2.5 கிலோ ஓம், 50 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள். இரு முனையிலும் 1000 வோல்ட் இன்சுலேஷன் உள்ள வயர், விரல் நழுவாத காப்பு உள்ள புரோப். ரெசிஸ்டர் உடம்பை இன்சுலேட்டட் குழாய்க்குள் அடைத்துவிடுங்கள். 587 வோல்ட்டில் வைத்தாலும் முதல் கரன்ட் 0.3 ஆம்பியரைத் தாண்டாது. 1100 மைக்ரோ ஃபாரட் பத்துப் பன்னிரண்டு விநாடியில் காலியாகிவிடும். அரை நிமிடம் பிடித்திருங்கள். சீரியல் லேம்ப் பழக்கம் உள்ளவர்கள் 60 வாட் குண்டு பல்பு மூன்றை வரிசையாகக் கோத்துப் பயன்படுத்தலாம். பல்பு மங்கி அணைவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பது அதில் கூடுதல் வசதி. எல்இடி பல்பு இதற்கு ஆகாது. குறிப்பிட்ட வோல்ட்டேஜுக்குக் கீழே அது கரன்ட் எடுப்பதையே நிறுத்திவிடும், பஸ்ஸில் மிச்சம் அப்படியே நிற்கும்.

ரெசிஸ்டரை வைக்கும் முன்பும் மீட்டரால் அளக்க வேண்டும். சப்ளை உண்மையில் கட் ஆகவில்லை என்றால் அந்த ரெசிஸ்டர் 170 வாட்டை விடாமல் தின்று உங்கள் கையிலேயே எரியும்.

சப்ளையைக் கட் செய்வது என்றால் ஐசொலேட்டர் கைப்பிடியைத் திருப்புவதோடு முடிவதில்லை. பூட்டு போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்து, டேக் தொங்கவிடுங்கள். ஐசொலேட்டரில் ஒரு பிளேடு ஒட்டிக்கொண்டு திறக்காமல் போவது சாதாரணமாக நடக்கிற விஷயம். அதனால் டிரைவுக்குச் சப்ளை வரும் ஆர், எஸ், டி டெர்மினல் மூன்றையும் ஒன்றுக்கொன்றும், ஒவ்வொன்றையும் எர்த்துக்கும் வைத்து ஏசியில் பாருங்கள். டிரைவின் ரிலே டெர்மினலுக்கு வேறு எம்சிபியிலிருந்து 230 வோல்ட் கன்ட்ரோல் சப்ளை வருகிறதா என்றும் பாருங்கள். மெயின் ஆஃப் ஆனாலும் அது உயிரோடு இருக்கும். பலருக்கு ஷாக் அடிப்பது அந்த இடத்தில்தான். பல டிரைவுகள் ஒரே டிசி பஸ்ஸைப் பகிரும் மெஷின் என்றால், பக்கத்து டிரைவின் சார்ஜும் உங்கள் பஸ்ஸில் இருக்கும். மோட்டார் பெர்மனன்ட் மேக்னட் வகை என்றால், துணியின் எடையில் ஷாஃப்ட் சுற்றினாலே அது ஜெனரேட்டராகி, ஐஜிபிடிக்குள் இருக்கும் டயோட் வழியாகப் பஸ்ஸை மறுபடி சார்ஜ் செய்துவிடும். ஷாஃப்ட்டைக் கட்டி நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மீட்டர் CAT III (மீட்டரின் பாதுகாப்பு வகை), 1000 வோல்ட் ரேட்டிங் உள்ளதாக இருக்கட்டும். விலை மலிவான மஞ்சள் மீட்டரால் 600 வோல்ட் டிசி பஸ்ஸை அளக்கப் போகாதீர்கள். அளக்கும் முன் தெரிந்த சப்ளை ஒன்றில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு பஸ்ஸை அளந்து, மறுபடி அதே சப்ளையில் வைத்துப் பாருங்கள். நடுவில் லீட் அறுந்தாலும் டிஸ்பிளே காட்டுவது பூஜ்யம்தான். கடைசிச் சோதனை அதைப் பிடித்துவிடும். இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது: ஆர், எஸ், டியை ஏசியில் அளந்துவிட்டு, செலக்டரைத் திருப்பாமல் பஸ்ஸில் வைப்பது. ஏசி ரேஞ்சில் இருக்கும் மீட்டர், 587 வோல்ட் டிசி நிற்கும் பஸ்ஸில் பூஜ்யம் காட்டக்கூடும்.

பிளஸ்–மைனஸ், பிளஸ்–எர்த், மைனஸ்–எர்த் மூன்றும் பாருங்கள். கவர் திறந்தபின் டெர்மினலில் பார்த்ததை நம்பாமல், கெப்பாசிட்டர் ஸ்க்ரூவிலேயே வைத்து அளக்க வேண்டும். டெர்மினலுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவே ஃபியூஸ் போயிருந்தாலோ டிராக் எரிந்திருந்தாலோ, வெளியே பூஜ்யம், உள்ளே முழு சார்ஜ். பழுதான டிரைவில் இது நடக்க அதிக வாய்ப்பு, நாம் திறப்பதோ பழுதான டிரைவைத்தான். சீரிஸில் உள்ள இரண்டு கெப்பாசிட்டரையும் தனித்தனியே அளக்கவும் காரணம் உண்டு. ஒன்றின் பேலன்சிங் ரெசிஸ்டர் ஓபன் ஆகியிருந்தால் மற்றது காலியாகும், இது மட்டும் சார்ஜைப் பிடித்துவைத்திருக்கும். அப்படிப்பட்ட கெப்பாசிட்டர் ஓடும்போது தன் பங்குக்கு மேல் வோல்ட்டேஜ் தாங்கியிருக்கும் என்பதால், தலை உப்பியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் செய்தபின் ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு முறை அளக்கவும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் கொஞ்சம் வோல்ட்டேஜ் தானாகவே மீண்டு எழும். தொடுவதற்கு 50 வோல்ட்டுக்குக் கீழே என்பார்கள். டயோட் சோதனைக்கு அது போதாது. 1 வோல்ட்டுக்கும் கீழே இறங்கட்டும். மிச்ச வோல்ட்டேஜ் இருந்தால் ரீடிங் பொய்யாகும், சில நேரம் மீட்டரும் போகும்.

இப்போது சோதனைக்கு வருவோம். முதல் வேலை, ஆர், எஸ், டி, யூ, வி, டபிள்யூ, பிரேக் ரெசிஸ்டர் எல்லா வயரையும் கழற்றி, குறி வைத்து ஒதுக்குவது. கழற்றாமல் பார்த்ததால்தான் உங்களுக்கு மூன்றும் 0.00 வந்தது. மோட்டார் வைண்டிங்கின் ஓம் மிகக் குறைவு. அதன் வழியாக யூ, வி, டபிள்யூ மூன்றும் ஒரே புள்ளி போல ஆகிவிடும். ஒரு பேஸின் ஷார்ட் மூன்றிலும் தெரியும். இதே ரீடிங்கை வைத்து ‘மூன்று ஐஜிபிடியும் போய்விட்டது’ என்று எழுதித் தரும் சர்வீஸ் ஆட்களும் இருக்கிறார்கள்.

மீட்டரை டயோட் மோடில் வையுங்கள். டிஜிட்டல் மீட்டரில் சிவப்பு லீட் பிளஸ். பழைய முள் மீட்டரில் ஓம் ரேஞ்சில் இது தலைகீழ்: கறுப்பு லீடில்தான் உள் பேட்டரியின் பிளஸ் வரும். ரீடிங் எல்லாம் எதிர்மாறாக வந்தால் டிரைவைச் சந்தேகிக்கும் முன் மீட்டரைச் சந்தேகியுங்கள்.

இன்புட் பக்கம்: கறுப்பை டிசி பிளஸ்ஸில் நிறுத்தி, சிவப்பை ஆர், எஸ், டி என்று நகர்த்தினால் மூன்றிலும் 0.4 முதல் 0.6 வரை வர வேண்டும். சிவப்பைப் பிளஸ்ஸுக்கு மாற்றி, கறுப்பை நகர்த்தினால் ஓஎல் (OL, கரன்ட் போகவில்லை என்று மீட்டர் காட்டும் குறி). அடுத்து சிவப்பை டிசி மைனஸில் நிறுத்திக் கறுப்பை நகர்த்தினால் மறுபடி 0.4 முதல் 0.6, லீடை மாற்றினால் ஓஎல். பிளஸ் டெர்மினல் சில டிரைவுகளில் இரண்டாக இருக்கும், நடுவே சோக்குக்காக (கரன்ட்டைச் சீராக்கும் காயில்) ஒரு செம்புத் தகடு. தகடு கழன்றிருந்தால் ஒரு பக்கம் ரெக்டிஃபையர் மட்டும், மறுபக்கம் கெப்பாசிட்டரும் ஐஜிபிடியும் மட்டும் தெரியும். எந்தப் புள்ளியில் வைக்கிறோம் என்று தெரிந்து வையுங்கள்.

அவுட்புட் பக்கமும் அதே வரிசை, ஆர், எஸ், டிக்குப் பதில் யூ, வி, டபிள்யூ. இங்கே ரீடிங் கொஞ்சம் குறைவாக, 0.3 முதல் 0.5 வரை வரும். எண் எவ்வளவு என்பதைவிட மூன்றும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதே முக்கியம். 0.37, 0.38, 0.37 நல்லது. 0.37, 0.38, 0.29 என்றால் எதுவும் ஷார்ட் இல்லாவிட்டாலும் அந்தப் பேஸ் சந்தேகத்துக்குரியது. சூடான மாட்யூலில் டயோட் வோல்ட்டேஜ் குறையும், ஒரு டிகிரிக்கு சுமார் 2 மில்லி வோல்ட். இப்போதுதான் நின்ற மெஷினில் எடுத்த ரீடிங்கையும் நேற்றிரவே நின்றதில் எடுத்ததையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

சிவப்பு மைனஸில், கறுப்பு பிளஸ்ஸில் வைத்தால் இரண்டு டயோட் சீரிஸில் வரும், 0.7 முதல் 0.9 வரை காட்டும். லீடை மாற்றினால் எண் மெல்ல மெல்ல ஏறி ஓஎல் ஆகும். அது மீட்டரின் பேட்டரி கெப்பாசிட்டரை சார்ஜ் செய்வது, பழுதில்லை. ஏறாமல் 0.00லேயே நின்றால் பஸ் ஷார்ட்.

பெரிய டிரைவுகளில் ரெக்டிஃபையரின் மேல்பாதியில் டயோடுக்குப் பதில் எஸ்சிஆர் (சிக்னல் கொடுத்தால் மட்டுமே கடத்தும் டயோட்) இருக்கும். அங்கே ஆர், எஸ், டியிலிருந்து பிளஸ்ஸுக்கு இரு பக்கமும் ஓஎல் வருவதே சரி. இதை ‘மூன்று டயோட் ஓபன்’ என்று எழுதி நல்ல டிரைவைக் கழற்றிவிடக் கூடாது. பிரேக் டெர்மினல் இருந்தால், சிவப்பு அதில், கறுப்பு பிளஸ்ஸில் வைத்தால் ஒரு டயோட் தெரிய வேண்டும். பிரேக் டெர்மினலுக்கும் மைனஸுக்கும் நடுவே இரு திசையிலும் 0.00 வந்தால் பிரேக் ஐஜிபிடி ஷார்ட். அந்த டிரைவில் பவர் இருக்கும்வரை பிரேக் ரெசிஸ்டர் நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருந்திருக்கும்.

உங்கள் ரீடிங்கை இதோடு வைத்துப் பாருங்கள். ரெக்டிஃபையர் சரி. டிஸ்பிளே வருவதால், கெப்பாசிட்டரை மெல்ல சார்ஜ் செய்யும் சார்ஜிங் ரெசிஸ்டரும் சரி. கீழ்ப்பக்க மூன்றும் டயோட் அளவில் சரி. வி–பிளஸ் 0.002. லீடை மாற்றினாலும் அதேதான் வரும், உறுதிக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மேல்பக்க ஐஜிபிடி கம்பியாகிவிட்டது. ரன் கொடுத்ததும் கீழ்ப்பக்க வி ஐஜிபிடி ஆன் ஆகும், பிளஸ்ஸும் மைனஸும் நேராக ஷார்ட் ஆகும், பாதுகாப்பு சர்க்யூட் சில மைக்ரோ விநாடியில் நிறுத்தி ‘ஓவர் கரன்ட்’ காட்டும். ரன் கொடுக்காதவரை அந்த ஷார்ட்டால் யாருக்கும் தொந்தரவில்லை, அதனால்தான் டிஸ்பிளே சாதுவாக இருக்கிறது. இதே நிலையில் ‘ஒருவேளை ஓடிவிடுமோ’ என்று ரிசெட் செய்து ரிசெட் செய்து ரன் கொடுத்தால், ஒருமுறை பாதுகாப்பு தோற்று மாட்யூல் வெடிக்கும், ஐஜிபிடிக்கு ஆன்–ஆஃப் சிக்னல் தரும் டிரைவர் போர்டும் சேர்ந்து போகும்.

இந்த டயோட் சோதனையில், கெட்டது என்று மீட்டர் சொன்னால் நம்பலாம். நல்லது என்று சொன்னால் பாதிதான் நம்பலாம். நாம் அளப்பது ஐஜிபிடிக்கு இணையாக உள்ள டயோடை. ஐஜிபிடியில் கரன்ட் பாயும் இரு முனைகளான கலெக்டர்–எமிட்டர் ஷார்ட் ஆனால் அது தெரியும். ஆனால் ஐஜிபிடி ஓபன் ஆகியிருந்தால், அதை ஆன் செய்யும் முனையான கேட் ஓட்டையாகியிருந்தால், டிரைவர் போர்டு செத்திருந்தால், டயோட் பாட்டுக்கு 0.37 காட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கீழ்ப்பக்க வி ஐஜிபிடி இப்படிப்பட்ட சந்தேகத்தில்தான் இருக்கிறது.

கேட்டைப் பார்க்கத் தனி நிதானம் வேண்டும். ஐஜிபிடி கேட் தாங்குவது பெரும்பாலும் 20 வோல்ட்தான். சிந்தெடிக் துணி உரசிய கையில் சில ஆயிரம் வோல்ட் ஸ்டாட்டிக் இருக்கும். ரிஸ்ட் ஸ்டிராப் கட்டி, டிரைவர் போர்டு வயரைக் கழற்றியபின், ஒவ்வொரு கேட்டையும் அதன் எமிட்டரோடு சேர்த்து ஓமில் அளக்கவும். மேல்பக்கக் கேட்டுகளுக்கு எமிட்டர் முறையே யூ, வி, டபிள்யூ, கீழ்ப்பக்கத்துக்கு மைனஸ். தனி ஐஜிபிடியில் ஓஎல் வர வேண்டும். குறுக்கே 10 கிலோ ஓம் போன்ற ரெசிஸ்டர் இருந்தால் ஆறிலும் அதே மதிப்பு வர வேண்டும். ஒன்றில் மட்டும் சில ஓம் காட்டினால் அந்தக் கேட் போய்விட்டது.

மாட்யூல் வெளியே வந்துவிட்டது என்றால் ஆன்–ஆஃப் சோதனையும் செய்யலாம். மீட்டரின் டயோட் மோட் தரும் 3 வோல்ட் சுமாரால் கேட் திறக்காது, அதற்கு 5, 6 வோல்ட்டாவது வேண்டும். 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கேட்டில், மைனஸை எமிட்டரில் தொடுங்கள். மீட்டரின் சிவப்பு கலெக்டரில், கறுப்பு எமிட்டரில். அதுவரை ஓஎல் காட்டியது, இப்போது அரை வோல்ட் பக்கம் இறங்கும். பேட்டரியை எடுத்தாலும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், கேட் தானே ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். எடுத்த உடனே ஓஎல் ஆனால் கேட் கசிகிறது. கேட்டையும் எமிட்டரையும் ஒரு வயரால் தொட்டால் அணைய வேண்டும். முடிந்ததும் ஆறு கேட்டையும் இப்படி அணைத்துவிடுங்கள். திறந்தபடியே டிரைவில் மாட்டிப் பவர் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. இந்தச் சோதனையை டிரைவுக்குள்ளேயே பஸ் சார்ஜோடு யாரும் முயல வேண்டாம்.

மாட்யூல் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ஐஜிபிடி ஷார்ட் ஆகும்போது பஸ் வோல்ட்டேஜ் கேட் வழியாக டிரைவர் சர்க்யூட்டுக்குள் பாய்வது உண்டு. வி மேல்பக்க டிரைவரின் கேட் ரெசிஸ்டர், கேட்டைக் காக்கும் ஜீனர், ஆப்டோகப்ளர் மூன்றையும், யூ, டபிள்யூவில் உள்ள அதே பாகங்களோடு ஒப்பிட்டு அளக்கவும். மூன்றும் ஒரே மாதிரி சர்க்யூட் என்பதால் ஸ்கெமேட்டிக் இல்லாமலே வித்தியாசம் தெரிந்துவிடும். டிரைவர் சப்ளைக்கான குட்டி எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மறக்க வேண்டாம். அவை காய்ந்தால் கேட்டுக்கு முழு வோல்ட்டேஜ் போகாது, ஐஜிபிடி அரைகுறையாக ஆன் ஆகிச் சூட்டில் சாகும். பல வருடம் ஓடிய டிரைவில் மாட்யூல் போனதற்கு இது ஒரு முதன்மையான காரணம். நான்கைந்து சிறிய கெப்பாசிட்டரின் விலை, மாட்யூல் விலையில் ஒரு துளி. மாற்றிவிடுவதே என் ஆலோசனை. பெரிய பஸ் கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்து, எழுதியிருக்கும் அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அதாவது 2200 என்பது 1760க்குக் கீழே போயிருந்தால், அதையும் மாற்றவும்.

பிறகு வெளிக் காரணம். மோட்டாரும் கேபிளும் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் டிரைவை மாட்டாதீர்கள். டிரைவ் பக்கம் மூன்று வயரும் கழன்றிருப்பதை இன்னொருமுறை கண்ணால் உறுதி செய்துவிட்டு, 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) ஒவ்வொரு பேஸையும் எர்த்துக்கு அளக்கவும். 5 மெகா ஓமுக்குக் கீழே என்றால் ஓட்டக்கூடாது. நல்ல மோட்டாரில் நூறு மெகா ஓமுக்கு மேலேயே வரும். கேபிளோடு சேர்த்துக் குறைவாக வந்தால் மோட்டார் டெர்மினல் பாக்ஸில் பிரித்துத் தனித்தனியே பாருங்கள். சாயப்பட்டறையில் அந்தப் பாக்ஸுக்குள் ஆவியும் உப்புத் தண்ணீரும் புகுந்து நிற்பது வழக்கம், முதலில் அதைத் திறங்கள். யூ–வி, வி–டபிள்யூ, டபிள்யூ–யூ ஓம் மூன்றும் சமமாக வர வேண்டும். சாதாரண மீட்டரில் லீட் ஓமே தொந்தரவு தரும் என்பதால் மில்லி ஓம் மீட்டர் நல்லது. டிரைவ் மாட்டியிருக்கும்போது மெக்கர் வைத்தால் ஐஜிபிடியையும் கன்ட்ரோல் போர்டையும் நாமே கொன்றுவிடுவோம். அவசரத்தில் இன்றும் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு.

ஹீட்சிங்க் ஃபேன் சுற்றுகிறதா, பஞ்சு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். போர்டைத் துடைக்க கம்ப்ரஸர் காற்றை அப்படியே அடிக்க வேண்டாம்; அதோடு தண்ணீரும் ஆயிலும் வரும், பஞ்சோடு சேர்ந்து கரன்ட் கடத்தும் சேறாகப் படியும். மென் பிரஷ்ஷும் வேக்யூம் கிளீனரும் போதும். புது மாட்யூலுக்கு அடியில் தெர்மல் பேஸ்டை மெல்லிய ஒரே படலமாகத் தடவி, ஸ்க்ரூவை டேட்டா ஷீட்டில் உள்ள டார்க்கில், குறுக்கு வரிசையில், இரண்டு சுற்றாக முடுக்கவும். பேஸ்டை அள்ளிப் பூசினால் சூடு கடத்துவதற்குப் பதில் தடுக்கும்.

இவை முடிந்தபின் மேலே சொன்ன டயோட் ரீடிங் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து எடுங்கள். முதல் பவர், மோட்டார் இல்லாமல், 100 வாட் குண்டு பல்பு சீரிஸில்: 230 வோல்ட் பேஸ் பல்பு வழியாக ஆருக்கு, நியூட்ரல் எஸ்ஸுக்கு. பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிவிட்டது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட், பல்பு கரன்ட்டைத் தடுத்ததால் மாட்யூல் பிழைத்தது. பஸ்ஸில் 300 வோல்ட் சுற்றித்தான் வரும் என்பதால் டிஸ்பிளே ‘அண்டர் வோல்ட்டேஜ்’ காட்டலாம், அது இயல்பு. இந்தக் கட்டத்தில் கவர் திறந்த டிரைவுக்குள் உயிருள்ள டிசி இருக்கிறது, இதற்கு முன் இதைச் செய்யாதவர் தனியாகச் செய்ய வேண்டாம். முடிந்ததும் மறுபடி பூட்டு, காத்திருப்பு, மீட்டர், ரெசிஸ்டர் எல்லாம் முதலிலிருந்து.

கழற்றிய மாட்யூலை ஸ்கிராப்பில் போட்டுவிடாதீர்கள். அதில் ஷார்ட் ஆன ஒன்றைத் தவிர மற்ற ஐஜிபிடிகளில் சில நல்லதாக இருக்கும். 9 வோல்ட் பேட்டரியும் மீட்டரும் வைத்து அதில் பழகிக்கொள்ளுங்கள். பட்டறையில் இதே மாடல் டிரைவ் இன்னொன்று நல்ல நிலையில் இருந்தால், அடுத்த ஷட்டவுனில் அதன் பன்னிரண்டு டயோட் ரீடிங்கையும் எடுத்து, தேதியோடு பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.